நனையாத அரிசி

போன மாதம் என் கண்ணில் ஒரு பெண் காகிதம் வைத்தாள். கொஞ்ச நாளாகவே கண் எரிச்சல். எழுபது தாண்டியவளுக்குக் கண் எரியாமல் என்ன செய்யும் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். மகன்தான் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அந்தப் பெண் புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ். பளபளப்பான சின்ன உறையைக் கிழித்து, அளவுக்கோடு அச்சடித்த காகிதத் துண்டை எடுத்து என் கீழிமையில் மாட்டினாள். "இமைக்காம இருங்கம்மா" என்றாள். ஓய்வு பெற்றும் என் வாய் ஓய்வு பெறவில்லை. "இமைக்கலாம் தாயி, கசக்கத்தான் கூடாது. முதல்ல அந்த ஃபேனை நிறுத்து" என்றேன். அவள் திகைத்துப்போய் நிறுத்தினாள். நானும் நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்ததும், "உங்க காலத்துல இந்தப் பேப்பரெல்லாம் ஏதும்மா?" என்று கேட்டாள். கண்ணில் காகிதத்தோடு கதை சொல்ல முடியுமா? "இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு வார்த்தை எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கமுதிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் அய்யா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். நான் அவரைவிட உயரமாகக் குதித்தேன். மதுரையில் படிப்பு. படுக்கை விரிக்கவும், ஊசியைக் கொதிக்க வைக்கவும், திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் இராமநாதபுரத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் என்னைப் போட்டார்கள்.

எங்கள் கண் டாக்டர் தஞ்சாவூர்க்காரர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. அவரிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. நோயாளிக்கு எதைச் செய்தாலும் நர்ஸ் அதை முதலில் தனக்குச் செய்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. சொட்டு மருந்து எரியுமா என்று யாராவது கேட்டு நாங்கள் "எரியாது" என்று சொல்லிவிட்டால் போச்சு, அதே மருந்து எங்கள் கண்ணிலும் விழும். இன்னொன்று, எந்த நோயாளியையும் "ஒண்ணுமில்லை" என்று சொல்லி அனுப்பக் கூடாது. "ஒண்ணுமில்லைன்னு சொல்ல அவங்க வீட்டுலயே ஆள் இருக்கு. அதுக்கு பஸ் ஏறி இங்க வரணுமா?" என்பார். ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவர் லீவு போட்ட நாளில் வார்டே பண்டிகை கொண்டாடும்.

அது ஆனி மாதம். கச்சான் காற்று தெருவிலிருந்த மண்ணையெல்லாம் வாரி ஆஸ்பத்திரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் பித்தளைச் சொம்பும் கையுமாக ஒருத்தி நின்றாள். நாற்பது வயதிருக்கும். பெயர் இருளாயி. சிக்கலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், மிளகாய்க் காட்டில் கூலி வேலை. மாரியூரில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய தங்கச்சி கூட வந்திருந்தாள்.

"கண்ணுக்குள்ள மணலு கெடக்குத் தாயி. எடுத்து விடுங்க" என்றாள் இருளாயி.

"எப்ப விழுந்துச்சு?"

"அது ஆச்சு, மூணு நாலு வருசம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. இமையைப் புரட்டிப் பார்த்தார். மணல் ஒன்றுமில்லை. கண் மட்டும் செக்கச்செவேல் என்று சிவந்து, மினுமினுப்பே இல்லாமல் இருந்தது. "வாயைத் திற" என்றார். அவள் சொம்பைச் சாய்த்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திறந்தாள்.

"எதுக்குத் தண்ணி குடிச்சே?"

"குடிக்காட்டி தெறக்க வராதுய்யா. ஒட்டிக்கிரும்."

நாக்கை அழுத்தும் தட்டையான மரக்குச்சியை உள்ளே வைத்து எடுத்தார். அது நாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாக்கு, கோடையில் வற்றிய கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. பற்களெல்லாம் ஈறை ஒட்டிக் கறுத்து அரித்துப் போயிருந்தன. காதுக்கு முன்னால் கன்னத்தை அமுக்கிப் பார்த்தார், வீங்கியிருந்தது. பிறகு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "காலையில இது மடங்குமா?" என்று கேட்டார்.

அவள் மிரண்டுபோனாள். கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. "மடங்காதுய்யா. வெந்நியில முக்கித்தேன் மடக்குவேன்."

"சோறு?"

"எறங்காது. ஒரு வாய்ச் சோத்துக்கு ஒரு மடக்குத் தண்ணி வேணும். ஒறப்பு பட்டா உசுரே போயிரும். மொளகாக் காட்டுலயே பொழச்சவ நான், ஒரு மொளகாய நாக்குல வைக்க முடியல."

"அழுதா கண்ணீர் வருதா?"

"அழுகை வருதுய்யா. தண்ணி வரல" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "காகிதம்" என்றார்.

அப்போது உறையும் கிடையாது, அளவுக்கோடும் கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் திரவம் வடிகட்டும் தாளை வாங்கிவந்து, கொதிக்க வைத்த கத்தரிக்கோலால் நாங்களே நறுக்குவோம். பிசிறில்லாமல் நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் குப்பைக்குப் போகும். துண்டின் நுனியைச் சிறிது மடித்துக் கீழிமையின் வெளியோரத்தில், கருவிழியில் படாமல் மாட்ட வேண்டும். மிச்சம் கன்னத்தில் தொங்கும். ஜன்னலைச் சாத்தி, நோயாளியை நேரே பார்க்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எடுத்ததும் ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு.

வழக்கம்போல முதல் துண்டு என் கண்ணில். எனக்குக் கன்னம் வரை நனைந்து வழிந்தது. இருளாயியின் துண்டை எடுத்துப் பார்த்தேன். மடித்த நுனிகூடச் சரியாக நனையவில்லை. அடுத்த கண்ணிலும் அப்படியே. எந்த இடத்தில் கோடு போடுவது என்று தெரியாமல் பென்சிலோடு நின்றேன்.

டாக்டர் முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று எங்களுக்குத் தெரியும். "உன் கண்ணுல மணல் இல்லம்மா. கண்ணை நனைக்கிற தண்ணி ஊறல, அதான் உறுத்துது. வாயிலயும் எச்சில் ஊறல, அதான் பல்லு போச்சு. அதெல்லாம் ஊறுற இடத்தை உன் உடம்பே பகையாளின்னு நெனச்சு அழிக்குதுன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சுச் சொல்றாங்க. விரல் வீக்கமும் அதோட சேர்த்திதான். முழுசாத் தீராது. ஆனா சொல்றபடி கேட்டா கண்ணைக் காப்பாத்திடலாம்."

தீராது என்றால் நோயாளிகள் அழுவார்கள், இல்லாவிட்டால் சாமி பெயரைச் சொல்வார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப என் வாயில அரிசி நனையாதாய்யா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வீட்டில் ஒரு பொருள் களவு போனால், சந்தேகப்பட்டவர்களை வரிசையாக உட்காரவைத்து, பூசாரி மந்திரித்த பச்சரிசியை ஆளுக்கொரு பிடி வாயில் போடுவார். மென்று துப்ப வேண்டும். குற்றமில்லாதவர் துப்பினால் அரிசி குழைந்து ஈரமாக விழும். திருடியவர் வாயில் எச்சில் ஊறாது, அரிசி உலர்ந்து பொடியாக உதிரும். சின்ன வயதில் நானே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

இருளாயியின் தங்கச்சிதான் மீதியைச் சொன்னாள். மாசி மாதம், பெரியவீட்டு முற்றத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெரியவீட்டு அம்மா காதுப் புண்ணுக்கு மருந்து போடத் தன் தங்கத் தண்டட்டியைக் கழற்றி மாடத்தில் வைத்திருக்கிறார். கனத்த காதணி, அவர் மாமியார் காலத்துச் சொத்து. திரும்பி வந்து பார்த்தால் காணோம். காம்பு கிள்ள வந்த பெண்கள் அத்தனை பேர் வாயிலும் அரிசி விழுந்தது. மற்றவர்களுக்கெல்லாம் நனைந்தது. இருளாயி துப்பியது வெறும் பொடி, அதோடு வெடித்த நாக்கிலிருந்து ரத்தம்.

"சாமியே ரத்தத்தக் காட்டிருச்சுன்னாகம்மா. யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது, ஊருணியில தண்ணி எடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. அக்கா புருஷன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவரு போனவருதேன். கேக்க நாதியில்ல. எங்கூட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். எங்க ஊருத் தண்ணியோ உப்பு. குடிச்சா நாக்கு எரியுதுன்னு துடிக்கிறா."

தண்ணீர் இல்லாமல் வாயைத் திறக்க முடியாத ஒருத்திக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள்.

"கண்ணு போனாலும் போகட்டும்யா" என்றாள் இருளாயி. "நான் எடுக்கலன்னு ஊருல சொல்லுங்க. எனக்கு எங்க ஊருணித் தண்ணி வேணும்."

டாக்டரிடம் அரிசி வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். மடத்தனம் என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ யோசித்தார். "பயந்தா வாய் உலரும். அது உண்மைதான். ஆனா கூலிக்காரியை முற்றத்துல உட்கார வச்சா, திருடாதவளும்தான் பயப்படுவா" என்றார்.

"சார், நான் அந்த ஊருக்குப் போறேன். காகிதத்தை வச்சு எல்லாருக்கும் காட்டுறேன்."

"என்ன காட்டுவே?"

"அவளுக்கு நோய் இருக்குன்னு."

"நோய் இருக்குன்னு காட்டலாம். திருடலைன்னு எப்படிக் காட்டுவே? ரெண்டும் வேற வேற, சிஸ்டர். அதை மறந்துட்டுப் போனா தோத்துட்டு வருவே."

இந்த மனிதருக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் வடிதாள்தான் இருக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் வேலை முடிந்து கிளம்பும்போது அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். பக்கத்தில், அவரே நறுக்கிய காகிதத் துண்டுகள், பிசிறில்லாமல். "அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஆனாலும் வெள்ளைச் சீருடை, தலையில் தொப்பி, எல்லாம் மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஊர்க்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? சாதாரணச் சேலையில் போனால் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தே பொழுதைப் போக்கிவிடுவார்கள். சிக்கலில் இறங்கி இருளாயியும் நானும் நடந்தோம். அவளுடைய சொம்பில் மாரியூர் உப்புத் தண்ணீர். வழியெல்லாம் வாயை நனைத்து நனைத்துத் துப்பிக்கொண்டே வந்தாள்.

ஊருணிக் கரையில் ஒரு சாவடி. சர்க்கார் நர்ஸ் வந்திருக்கிறாள் என்றதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊர்த் தலைவரான அம்பலம், அரிசி மந்திரித்த பூசாரி, பெரியவீட்டு அம்மா, காம்பு கிள்ளும் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பெரியவீட்டு அம்மாவின் காது தண்டட்டி இல்லாமல் வெறுமையாகத் தொங்கியது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பது அந்தக் காதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

நான் முதல் துண்டை என் கண்ணில் மாட்டிக்கொண்டேன். சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். எடுத்துக் காட்டினேன், ஈரம். "அய்யா நீங்க?" என்று அம்பலத்தைக் கேட்டேன். பெரிய மீசைக்காரர், மறுத்தால் மரியாதை போய்விடும் என்று உட்கார்ந்தார். அவருக்கு மோவாய் வரை வழிந்தது. "அம்பலம் அழுகுறாருடோய்" என்று எவனோ சொல்ல, "எவன்டா அவன்?" என்று ஒற்றைக் கண்ணாலேயே தேடினார். பூசாரியும் உட்கார்ந்தார், ஈரம். கடைசியில் இருளாயி. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காகிதத்தை எடுத்து அம்பலத்தின் கையிலேயே கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். மொடமொடவென்று இருந்தது.

"இது நோய். இவளுக்குக் கண்ணுலயும் ஊறாது, வாயிலயும் ஊறாது. எந்த அரிசியப் போட்டாலும் நனையாது. இவளக் களவாணின்னு ஒதுக்கி வச்சிருக்கீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அம்பலம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "காஞ்சுதேன் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா தாயி, அத யாரு காய வச்சது? களவாண்டா, சாமி வாய வத்த வச்சிருச்சு, கண்ணையும் வத்த வச்சிருச்சு. அப்பிடியும் இருக்கலாமுல்ல?"

கூட்டம் ஆமாம் போட்டது. டாக்டர் சொன்ன "ரெண்டும் வேற வேற" காதுக்குள் கேட்டது. ஆத்திரத்தில் என்னென்னவோ கத்த வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையில் ஒருத்தி இருளாயியைப் பார்த்து, "ஏ சொம்புக்காரி, சொம்பக் கெட்டியாப் பிடிச்சுக்க, ஓடிறப் போகுது" என்றாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்ன பேரு சொன்ன?" என்றேன்.

"சொம்புக்காரி. எங்க போனாலும் சொம்போடதேன் போவா. எங்கூருல எல்லாருக்கும் அதேன் அவ பேரு."

"எப்ப வச்ச பேரு?"

"அது ஆச்சே... பெரியவீட்டுக் கெணறு வத்திப்போச்சுல்ல, அந்த வருசம்."

"தண்டட்டி எப்பக் காணாமப் போச்சு?"

"இந்த மாசிக்கு."

"கெணறு வத்துனது?"

"அது கெடக்குது மூணு வருசத்துக்கு முந்தி." சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

நான் விடவில்லை. "மூணு வருசத்துக்கு முந்தி இவ எதையும் எடுத்தாளா? எடுக்காதப்பவே எதுக்கு இவளுக்குச் சொம்பு? அந்தப் பேர வச்சது யாரு?"

எல்லாக் கண்களும் ஒரே பக்கம் போயின. பெரியவீட்டு அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். அவர் தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த ஊரில் ஒருவரும் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார்கள். இருளாயியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஒரு கணத்தில் எனக்கு இருந்த பதைப்பு, பிறகு பார்த்த எந்த ஆபரேஷனிலும் இருந்ததில்லை.

"நாந்தேன் வச்சேன்" என்றார் அந்த அம்மா. "கெணறு வத்திப் போயி, ஒரு பானைத் தண்ணிய வச்சு எல்லாருக்கும் ஊத்திக்கிட்டு இருந்தேன். இவ ஒருத்தியே மத்தியானத்துக்குள்ள பாதிப் பானையக் குடிச்சிருவா. சோத்துக்குக் கொழம்பு ஊத்துனா, வாய் எரியுது மோரு குடுங்கம்பா. கூலிக்காரிக்கு இம்புட்டுக் கொழுப்பான்னு வைவேன். சொம்புக்காரின்னு நாந்தேன் கூப்பிட ஆரம்பிச்சேன்." இருளாயி பக்கம் திரும்பினார். "அப்பவே இவ வாயி காஞ்சுதேன் கெடந்துருக்கு."

எதிர்பாராத ஆள் பூசாரிதான். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சாமி மேல குத்தமில்ல. கேக்கக் கூடாத வாயில நான் கேட்டுப்புட்டேன். இவ துப்புன அரிசி செல்லாது" என்றார்.

அம்பலம் தொண்டையைக் கனைத்தார். "சரி. இன்னையோட கட்டுப்பாடு கெடையாது. இருளாயி ஊருக்குள்ள இருக்கலாம், வேல வெட்டிக்குப் போகலாம். போத்தா, போயி தண்ணி எடுத்துக்க."

நான் காகிதங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். இருளாயி நகரவில்லை.

"தண்ணி குடுத்தீக, கும்பிட்டுக்கிறேன்" என்றாள். குரல் வறண்டு கீச்சிட்டது. "களவாணின்னு ஊரக் கூட்டிச் சொன்னீக. இப்பத் தண்ணி எடுத்துக்கன்னு மட்டும் சொல்றீக. நாளைக்கு நான் ஒரு வீட்டுக்குள்ள போனா, மாடத்துல இருக்கத எடுத்து ஒளிச்சு வைப்பீகளா மாட்டீகளா?"

நோயைக் காட்டத்தான் நான் போயிருந்தேன். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

அவள் சொம்பில் மிச்சமிருந்த உப்புத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். ஊருணிப் படியில் இறங்கினாள். ஆனி வெயிலுக்குத் தண்ணீர் அடியில் போயிருந்தது, கடைசிப் படி வரை இறங்க வேண்டியிருந்தது. சொம்பைக் கழுவி, மொண்டு, மேலே ஏறி வந்தாள். குடிக்கவில்லை. அந்த வறண்ட வாயோடு, நிறைந்த சொம்பைக் கொண்டுவந்து பெரியவீட்டு அம்மாவுக்கு முன்னால் நீட்டினாள்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கூலிக்காரி கையால், அவள் வாய் வைத்துக் குடிக்கும் சொம்பில், பெரியவீட்டில் இதுவரை யாரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அம்பலம் ஏதோ சொல்ல வந்தார். பெரியவீட்டு அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"குடு சொம்புக்காரி" என்று வாங்கி, அத்தனை பேருக்கும் முன்னால், அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்தே குடித்தார். பாதிச் சொம்பை மிச்சம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் இருளாயி குடித்தாள்.

தண்டட்டி கடைசிவரை கிடைக்கவில்லை. மறுநாள் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "திருடலைன்னு காட்ட முடிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டார். முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இருளாயி பல வருடம் எங்களிடம் சொட்டு மருந்துக்கு வந்துகொண்டிருந்தாள். கண்ணைக் காப்பாற்றினோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை வந்தபோது சீட்டு எழுதும் பையன் பெயர் கேட்டான். பின்னால் நின்ற நான், இருளாயி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னை முந்திக்கொண்டு, சொம்பைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சொம்புக்காரின்னு எழுதுய்யா. எங்கூருல அப்பிடிச் சொன்னாத்தேன் தெரியும்."